ஜெயராணி டீச்சருக்குக் கோபம் வரவில்லை

கடலூர் முதுநகரில் ராஜவேல் வீட்டுச் சண்டை என்றால் அது தனிச் சண்டை. மற்ற வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு போடுவார்கள். இங்கே கதவு திறந்தேதான் இருக்கும். புருஷன் மைக் செட் வைத்திருப்பவன். பந்தலின் கடைசி வரிசைக்குச் சத்தம் போய்ச் சேரவில்லை என்றால் அவனுக்குச் சோறு இறங்காது. பெண்டாட்டி பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி டீச்சர். மைதானத்தின் அந்தக் கோடியில் உட்கார்ந்து கதை பேசும் பெண்ணை இந்தக் கோடியிலிருந்தே எழுப்பி நிற்கவைக்கும் தொண்டை. இப்படி இரண்டு பேரை ஒரே வீட்டில் குடிவைத்தால் தெரு என்னத்துக்கு ஆகும்?

தெருவுக்கு ஒன்றும் ஆகவில்லை, பழகிவிட்டது. எதிர்வீட்டு சடையப்பன் ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவன். காலையில் ஜெயராணியின் குரல் கேட்ட பிறகுதான் குளிக்கவே கிளம்புவான். சண்டைக்குக் காரணம் தேடி யாரும் வெளியே போக வேண்டியதில்லை. கட்டிலுக்கு அடியில் குழாய் ஸ்பீக்கர், சமையல் மேடையில் ஒயர் சுருள், கொடியில் துணிக்குப் பதிலாகச் சீரியல் பல்பு. எல்லாவற்றுக்கும் மேலாக ராஜவேலின் ஈரத்துண்டு. குளித்துவிட்டு வந்ததும் அதைக் கட்டிலின் மேல் போடாவிட்டால் அவனுக்குக் குளித்தது போலவே இருக்காது.

"இது கட்டிலா, படகுத்துறையா?" என்று ஜெயராணி தொடங்குவாள். அங்கே பிடித்து அவனுடைய அம்மா வளர்த்த லட்சணம், போன வருஷம் மறந்துபோன கேஸ் சிலிண்டர், கல்யாணத்தன்று அவன் மணமேடையை விட்டு எழுந்து போய் ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்தது என்று ஒரு சுற்று சுற்றி வருவாள். வாய் திட்டிக்கொண்டிருக்கும், கை தோசை வார்த்துக்கொண்டிருக்கும். திட்டு நீளமாகப் போகிற நாளில் தட்டில் தோசை ஒன்று கூடுதலாக விழும். ராஜவேலும் விடமாட்டான், ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பான். பிறகு இரண்டு பேரும் ஒரே பைக்கில் ஏறி, ஒருத்தி பள்ளிக்கும் ஒருத்தன் கடைக்கும், சிரித்துப் பேசிக்கொண்டே போவார்கள். இருபத்து மூன்று வருஷமாக இப்படித்தான். மகன் செம்பியன் ஓசூரில் வேலைக்குப் போனபிறகு, அங்கே அறையில் அமைதி தாங்காமல் அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துக்கொள்வான் என்று கேள்வி.

அந்த வீட்டில் யோகா வந்து நுழைந்தது 2010ஆம் வருஷம், பள்ளி திறந்த புதிதில்.

பிள்ளைகளுக்கு யோகா சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று பள்ளியில் பேச்சு கிளம்பியது. தலைமையாசிரியை ஜெயராணியைக் கூப்பிட்டு, அஞ்சல் வழியில் ஒரு பட்டயம் படித்துவிடுங்கள், சனிக்கிழமைகளில் சிதம்பரத்தில் செய்முறை வகுப்பு இருக்கிறது என்றார். ஜெயராணி அன்று சாயந்திரம் பண்ணின ரகளையில் சடையப்பன் வீட்டுப் பூனை இரண்டு நாள் தெருப்பக்கம் வரவில்லை. ஓடு, குதி, தாண்டு என்று சொல்கிற வாயால் உட்கார், மூச்சு விடு என்று சொல்ல வேண்டுமாம். மூச்சு விட ஒரு படிப்பா என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே விண்ணப்பத்தையும் போட்டாள். வேலை என்று வந்துவிட்டால் அவள் அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை.

முதல் சில சனிக்கிழமைகள் ராஜவேலுக்குத் திருவிழாதான். முட்டி வலி, கொசு, பக்கத்தில் உட்கார்ந்தவர் விட்ட குறட்டை என்று சிதம்பரத்திலிருந்து புதுச்சரக்கு வந்து இறங்கியது. அப்புறம் எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, ஆடி போய் ஆவணி வந்த கணக்கில், ஒருநாள் காலை அவன் ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டுப் பதிலடியை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஜெயராணி வந்தாள். துண்டை எடுத்தாள். உதறிக் கொடியில் போட்டாள். அவனைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத் தோசைக்கல்லுக்குப் போய்விட்டாள்.

அவ்வளவுதான். தொடர்ந்து வேறெதுவும் வரவில்லை.

உடம்புக்கு என்னவோ என்று நினைத்தான். மறுநாளும் அப்படியே. ஒரு வாரம் ஆனதும், சரி, தப்பித்தோம் என்று உள்ளூர மகிழ்ந்தான். கல்யாணமான ஆண்கள் கோயில் கோயிலாக வேண்டிக்கொள்வது தனக்கு வேண்டாமலே கிடைத்துவிட்டது என்று டீக்கடையில் பெருமை அடித்தான். அந்தப் பெருமை பத்து நாள் கூடத் தாங்கவில்லை. தோசை அதே தோசைதான், சட்னி அதே சட்னிதான், ஆனால் பாதித் தட்டிலேயே எழுந்துவிட்டான். எதிர்வீட்டு சடையப்பன் வாசலில் வந்து நின்று, டீச்சர் ஊரில் இல்லையா என்று விசாரித்தான். உள்ளேதான் இருக்கிறாள் என்று சொல்லும்போது ராஜவேலுக்கு என்னவோ போல் இருந்தது. அவள் அவனை இப்போது "வாங்க, போங்க" என்றுகூடப் பேசினாள். மாமியார் வீட்டுக்கு முதல்முறை விருந்துக்குப் போனபோதுகூட அவனுக்குக் கிடைக்காத மரியாதை அது.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் கதையாக, ராஜவேல் வேலையில் இறங்கினான். அவளுக்குக் கோபம் வரவைத்தே தீருவது என்று முடிவு.

வஞ்சிரம் வாங்கி வரச் சொன்னாள். துறைமுகத்தில் பளபளவென்று வஞ்சிரம் கிடக்க, அதைத் தாண்டிப் போய்ப் பை நிறையக் காரப்பொடி வாங்கி வந்தான். சுண்டுவிரல் நீளம், முள்ளைத் தவிர வேறு எதுவும் இல்லாத மீன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆய்ந்தாலும் தீராது. ஜெயராணி பையைத் திறந்து பார்த்தாள், ஒரு பெருமூச்சு விட்டாள், அரிவாள்மணையை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வாரம் அவளுடைய விசிலை எடுத்துப் பரணில் ஒளித்துவைத்தான். வேறு விசில் வாங்கிக்கொண்டாள். அவளுடைய அக்கா வீட்டுக் காதுகுத்துக்கு மைக் செட் தர மறந்துவிட்டதாகச் சொன்னான். அக்காவிடம் அவளே பேசிச் சமாளித்தாள். எல்லாவற்றுக்கும் அந்தச் சிரிப்பு ஒன்றைச் சிரித்தாள். ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸம்மா சிரிக்கும் சிரிப்பு அது.

ஐப்பசியில் ஒருநாள் கூடத்தில் பாய் விரித்து அவள் தியானத்தில் உட்கார்ந்திருந்தாள். வெளியே நல்ல மழை. கடையில் ஒழுகுகிறது என்று சாக்குச் சொல்லி, ராஜவேல் ஆம்ப்ளிஃபயரைக் கூடத்துக்கே தூக்கிக்கொண்டு வந்தான். குழாய் ஸ்பீக்கரை அவளுக்கு மூன்று முழம் தள்ளி வைத்தான். மைக்கை அதன் வாய்க்கு நேரே காட்டினான். மைக் செட்காரன் வாழ்க்கையில் செய்யவே கூடாத காரியம் அது. செட் ஊளையிட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சடையப்பன் சட்டை போடாமல் தெருவுக்கு ஓடிவந்தான்.

ஜெயராணியின் இமைகூட அசையவில்லை.

ராஜவேல் பயந்துபோய் எல்லாவற்றையும் அணைத்தான். கிட்டே போய்க் குனிந்து பார்த்தான். மூச்சு வந்துகொண்டிருந்தது, ஆனால் எங்கேயோ தூரத்திலிருந்து வருவதைப் போல மெல்ல. அவளுடைய முகத்தை அவன் இவ்வளவு நேரம் பார்த்தே வருஷங்கள் ஆகியிருந்தன. எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிற முகம் அது, பார்க்க விட்டால்தானே. நெற்றியில் எப்போதும் விழுந்திருக்கும் இரண்டு கோடுகளைக் காணவில்லை. உதட்டோரம் ஒரு நிறைவு இருந்தது. பசியாறிய பிள்ளையின் முகம். அழகாக இருக்கிறாளே என்று நினைத்தான். நினைத்த மாத்திரத்தில் தன்னை யாரோ வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டது போல அவனுக்கு அழுகை முட்டியது. கன்னத்தில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. அதை ஊதி விரட்டிவிட்டு, அவள் கண் திறக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தான்.

கண் திறந்ததும், அங்கே உள்ளே என்னதான் இருக்கிறது என்று கேட்டான். கேலியாகக் கேட்கத்தான் நினைத்தான், குரல் அப்படி வரவில்லை.

ஜெயராணி யோசித்துச் சொன்னாள். "மொதல்ல மூச்சு போறது வர்றது தெரியும். அப்பறம் சத்தமெல்லாம் கேக்கும், ஆனா அது என்னை வந்து தொடாது. அதுக்கும் அப்பறம் சொல்லத் தெரிலங்க. சந்தோஷமா இருக்கும். எதுக்குன்னு இல்லாத சந்தோஷம்."

எதுக்குன்னு இல்லாத சந்தோஷம். அப்படியென்றால் அதில் நான் எங்கே இருக்கிறேன் என்று நினைத்தபடியே ராஜவேல் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

தை மாதம் பிறந்ததும் இடி இறங்கியது. குடியரசு தினத்துக்கு மைக் கட்டப் பள்ளிக்குப் போனவனை, தையல் டீச்சர் பிரிசில்லா ஓரமாகக் கூப்பிட்டாள். ஜெயராணிக்கு உயிர்த்தோழி அவள், கெட்ட எண்ணம் கிடையாது, வாய்தான் நிற்காது. ஜெயராணி பத்து நாள் யோகா முகாமுக்குச் சிதம்பரம் போகப்போகிறாளே, அதன் உள்விஷயம் தெரியுமா என்று கேட்டாள். முகாமை நடத்தும் அமராவதி மேடம் ஜெயராணியை ஒரு வருஷம் மலையிலிருக்கும் ஆசிரமத்துக்கு மேல்பயிற்சிக்கு வரச்சொல்லியிருக்கிறாராம். இவ்வளவு ஆழமாகத் தியானம் கூடி வருவது நூற்றில் ஒருத்தருக்குத்தானாம். முகாமின் கடைசி நாள் பதில் சொல்ல வேண்டுமாம்.

ராஜவேல் அன்று கொடியேற்றத்துக்கு மைக்கையே போடாமல் நின்றான்.

ஜெயராணியிடம் நேரே கேட்டிருக்கலாம். உலகத்தில் எதை வேண்டுமானாலும் உரக்கக் கேட்கிறவன்தான். ஆனால் "ஆமா, போறேன்" என்று அந்தச் சிரிப்போடு அவள் சொல்லிவிட்டால்? கேட்காமல் இருக்கிற வரைக்கும் அவள் இன்னும் போகவில்லை. அதனால் கேட்கவில்லை. பையை அவனே தூக்கிக்கொண்டு போய் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தான். முகாமில் போன் கூடாது என்று அணைத்துவைத்திருந்தாள்.

வீட்டில் தனியாக இருந்த நாட்களில் அவன் துண்டைக் கொடியில் போட்டான் என்றால் நம்புவீர்களா? யாருக்காகக் கட்டிலில் போடுவது? ஜெனரேட்டர் பார்க்கும் சிங்காரத்திடம் மனம் விட்டுச் சொன்னான். சிங்காரம் நல்லவன், ஆனால் ஆறுதல் சொல்லத் தெரியாதவன். விருத்தாசலத்தில் அவனுடைய சகலை ஒருத்தர் இப்படித்தான் மூச்சைப் பிடிக்கப் போனார், இப்போது தாடியோடு திருவண்ணாமலையில் இருக்கிறார், வீட்டுக்கு வந்தால் விருந்தாளி மாதிரி வாசலிலேயே தண்ணீர் கேட்கிறார் என்றான். மகனுக்குப் போன் போட்டால் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அம்மா திட்டவில்லையென்று புகார் கொடுக்கிற முதல் ஆள் நீதான் அப்பா என்றான்.

முகாமின் கடைசி நாள் காடாம்புலியூரில் ஒரு கல்யாண வரவேற்பு. பெரிய முந்திரி வியாபாரி வீட்டுப் பெண். மைக் செட்டையெல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டு, கிளம்புகிற நேரத்தில் ராஜவேலுக்குக் கால் வரவில்லை. இன்றைக்கு அவள் பதில் சொல்லிவிடுவாள். அதற்கு முன்னால் போய் நின்றாக வேண்டும். சி.டி. பெட்டியைச் சிங்காரத்தின் கையில் திணித்தான். நாதஸ்வர சி.டி.யைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார், வேறு எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்தான். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒரு கல்யாணத்தை அவன் இன்னொருவரிடம் விட்டதே இல்லை.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி வெள்ளாற்றுப் பாலம் வரும்வரை பேச வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தான். கெஞ்சுவதா, அதட்டுவதா என்று முடிவாகவில்லை. சிதம்பரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தான். கிள்ளை போகிற சாலையில் ஒரு தென்னந்தோப்பு, அதற்குள் ஓலை வேய்ந்த பெரிய கூடம். அப்போதுதான் பயிற்சி முடிந்து எல்லோரும் வெளியே நின்று சுக்குக்காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை உடுப்பில் இருபது இருபத்தைந்து பேர். ஜெயராணியைக் காணவில்லை. ராஜவேல் தயங்கித் தயங்கிப் போய், நான் ஜெயராணி டீச்சர் வீட்டுக்காரர் என்றான்.

காபி குடித்துக்கொண்டிருந்த கும்பல் அப்படியே நின்றது. கண்ணாடி போட்ட ஒருவர், பாங்கியில் வேலை பார்ப்பவர் என்று பிறகு தெரிந்தது, தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"சார், அந்த ஈரத்துண்டு நீங்கதானா?"

ராஜவேலுக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தர் கையைப் பிடித்துக் குலுக்கினார். திட்டக்குடியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, விசில் இன்னும் பரணில்தான் இருக்கிறதா என்று கேட்டார். காரப்பொடி வாரத்தில் எங்களுக்கே கோபம் வந்துவிட்டது சார் என்றார் பாங்கிக்காரர். மைக்கை ஊளையிடவிட்டதைக் கேட்ட சனிக்கிழமை அவருடைய தியானம்தான் ஒரேயடியாகக் கெட்டுப்போனதாம்.

அமராவதி மேடம் வந்து விளக்கினார். ஜெயராணியைவிட வயதில் சின்னவர், வேகமாகப் பேசும் பெண். ஒவ்வொரு சனிக்கிழமையும் வகுப்பு தொடங்குவதற்கு முன், அந்த வாரம் யாருடைய மனம் எங்கே ஆடியது, எங்கே நிலையாக நின்றது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டுமாம். மற்றவர்கள் ஆபீஸ், டிராஃபிக், மருமகள் என்று ஏதோ சொல்வார்களாம். ஜெயராணியின் முறை வந்தால் மட்டும் வகுப்பே நிமிர்ந்து உட்காருமாம். ஆறு மாதமாகத் தொடர்கதை. வராதவர்கள் அடுத்த வாரம் வந்து போன வாரம் என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வார்களாம்.

"புஸ்தகத்துல சமநிலைன்னு ஒரு வார்த்தை இருக்கு சார். அத இவங்களுக்கு வெளங்க வெச்சது நீங்கதான்" என்று அமராவதி கைகூப்பினார். கிண்டல் இல்லை, மனதாரத்தான் சொன்னார்.

ராஜவேலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தான் ஒளித்து ஒளித்துச் செய்த களவாணித்தனம் எல்லாம் அவளுக்கு அன்றன்றைக்கே தெரிந்திருக்கிறது. அதை இத்தனை பேர் உட்கார்ந்து ரசித்திருக்கிறார்கள். ஆனாலும் அந்த வெட்கத்துக்கு அடியில் ஒரு சந்தோஷம் குறுகுறுத்தது. அவள் இங்கே வந்து அவனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள், வாரம் தவறாமல்.

ஜெயராணி கூடத்துக்குள்ளிருந்து வந்தாள். அவனைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். மற்றவர்கள் நாகரிகமாக நகர்ந்து போனார்கள், காது கேட்கிற தூரத்துக்கு மட்டும். இரண்டு பேரும் ஒரு தென்னையின் அடியில் போட்டிருந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றுகூட ராஜவேலுக்கு நினைவு வரவில்லை.

"மலைக்குப் போறியா?" என்றான்.

"யாரு சொன்னா? பிரிசில்லாவா?"

"போறியா இல்லியா, அதச் சொல்லு."

"கேட்ட அன்னிக்கே போவலன்னு சொல்லிட்டேன். கடைசி நாள் வரைக்கும் யோசிங்கன்னாங்க. யோசிக்கறதுக்கு அதுல இன்னா இருக்கு?"

ராஜவேலுக்கு மூச்சு திரும்பி வந்தது. ஏன் போகவில்லை என்று கேட்டான். அவனுக்காக என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தான். கொஞ்சம் ஆசையும் பட்டான்.

"இந்தத் தோப்புல ஒக்காந்துகினு எனக்குக் கோவமே வரலன்னு சொன்னா அது ஒரு பெருமையாங்க? இங்க என்னை யாரு கோவப்படுத்தறா, தென்ன மரமா?" என்றாள் ஜெயராணி. "உங்ககூட ஒரே ஊட்டுல இருந்து, அங்கயும் மனசு ஆடாம நின்னாதான் பாஸு. மலைக்குப் போயி நான் யாருகிட்ட பரீட்சை எழுதறது?"

சொல்லிவிட்டு அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். இந்தத் தடவை ராஜவேலுக்குத் தாங்கவில்லை.

"நீ பாஸாயிட்ட, தாயி. நாந்தான் பெயிலாயிட்டேன்" என்றான். "நீ திட்டறத நிறுத்தினதுலேர்ந்து நான் ஊட்டுல இருக்கறனா இல்லியான்னே எனக்குத் தெரில. வாயத் தொறந்து ஒரு வார்த்த திட்ட மாட்டியான்னுதான் அத்தனையும் பண்ணேன்."

ஜெயராணியின் சிரிப்பு நின்றது. அவள் அதை விளையாட்டு என்று நினைத்திருந்தாள். புருஷன் தன்னைச் சோதித்து விளையாடுகிறான், தானும் விளையாடுகிறோம் என்று ஆறு மாதமும் குஷியாக இருந்திருக்கிறாள். எதிரே இருப்பவன் விளையாடவில்லை, ஏங்கிக்கொண்டிருந்தான் என்பது அவ்வளவு ஆழத்துக்கு மூழ்கியவளுக்கும் தட்டுப்படவில்லை. கண் கலங்கிவிட்டது. பெஞ்சின் மேல் இருந்த அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கோவம் எங்கியும் போவலங்க" என்றாள் மெதுவாக. "முன்ன அது என்னை இழுத்துகினு ஓடும். இப்ப நான் கூப்ட்டா வருது, போன்னா போவுது. அவ்ளோதான்."

"அப்டின்னா இப்ப கூப்டு."

ஜெயராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினாள். அவனைப் பார்த்து முறைத்தாள். வாயைத் திறந்தாள். திறந்த வாயில் சிரிப்புதான் வந்தது. மறுபடியும் முயன்றாள், மறுபடியும் சிரிப்பு. சும்மா உட்கார்ந்திருக்கிறவனை என்ன சொல்லித் திட்டுவது? ராஜவேலும் சிரித்தான். காது கேட்கும் தூரத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஆனாலும் அவன் மனதில் ஒரு மூலை காலியாகத்தான் இருந்தது. அவள் போகவில்லை, அது போதும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு அவள் பையைத் தூக்கிக்கொண்டான்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது போன் அடித்தது. சிங்காரம். எடுத்ததுமே அழுதான். நாதஸ்வர சி.டி. எங்கேயோ சிக்கிக்கொண்டு நின்றுவிட்டதாம். பெட்டியைத் துழாவிக் கையில் கிடைத்த வேறொன்றைப் போட்டிருக்கிறான். பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு மேடையேறுகிற நேரம். குழாய் ஸ்பீக்கர் இரண்டும், பெட்டி ஸ்பீக்கர் நான்கும் சேர்ந்து, காடாம்புலியூர் முழுக்கக் கேட்கும்படி, எழவு வீட்டில் போடுகிற பாட்டைப் பாடிவிட்டன. பழக்கதோஷத்தில் முன்வரிசைக் கிழவிகள் இரண்டு பேர் மாரில் அடித்துக்கொள்ளக் கையைக்கூடத் தூக்கிவிட்டார்களாம்.

சிங்காரத்தின் கையிலிருந்து போனைப் பெண்ணின் அப்பா பிடுங்கினார். அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. ராஜவேல் "அய்யா, அய்யா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். ஜெயராணி போனை வாங்கிக்கொண்டாள்.

"அய்யா, நான் ராஜவேல் சம்சாரம் பேசறேன்" என்றாள். குரலில் ஒரு துளி பதற்றம் இல்லை. முழுக்கக் கேட்டாள். குறுக்கே பேசவில்லை. தவறு எங்களுடையதுதான், உங்கள் வயிறு எரிவது நியாயம்தான் என்றாள். இதோ இப்போதே நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறுகிறோம், மண்டபத்துக்கு வந்து பெண்ணிடமும் மாப்பிள்ளையிடமும் நேரில் மன்னிப்புக் கேட்போம், காலையில் முகூர்த்தத்துக்கு என் வீட்டுக்காரர் எழுந்து நகராமல் செட்டுக்கிட்டேயே உட்கார்ந்திருப்பார், அதற்கு நான் பொறுப்பு என்றாள். நூறு பேருக்குக் கேட்கக் கத்திய மனிதர் கடைசியில், பார்த்து வாங்கம்மா, சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று சொல்லி வைத்தார். ராஜவேல் வாயைப் பிளந்து நின்றான். இந்தப் படிப்புக்குள் இவ்வளவு இருக்கிறதா என்று அன்றுதான் அவனுக்கு உறைத்தது.

கடலூர் பஸ்ஸை விட்டுவிட்டு, வடலூர் வழியாகப் பண்ருட்டி போகிற பஸ்ஸில் ஏறினார்கள். ஜன்னலோரம் ஜெயராணி, பக்கத்தில் ராஜவேல். பஸ் புவனகிரி சாலைக்குத் திரும்பியது. ஜெயராணி போனை அவன் சட்டைப்பையில் போட்டாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"யோவ்" என்றாள்.

முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"மூளைய எங்கய்யா வெச்ச? ஆம்ப்ளிஃபயருக்குள்ள வெச்சி மூடிட்டியா? செனரேட்டரு கயிறு இழுக்கறவன் கையில சி.டி. பொட்டிய குடுத்துட்டு வருவியா? ஒரு பொண்ணு கண்ணாலத்துல, மால போட்டுகினு மேடையேறுது, அது காதுல போயி எழவுப் பாட்டா வுழறது? நாளைக்கு அது பேரப்புள்ளைங்களுக்குச் சொல்லுமேய்யா இந்தக் கதைய. பொண்டாட்டியப் பாக்கணும்னா முகாமு ஆபீஸ் நம்பருக்கு ஒரு போனப் போடறது. தொழில வுட்டுட்டு ஓடியாருவியா? கண்ணாலத்தன்னிக்கி மணையில இருக்கச் சொன்னா செட்டுகிட்ட ஓடினே, செட்டுகிட்ட இருக்கச் சொன்னா பொண்டாட்டிகிட்ட ஓடியாற. ஒனக்கு எப்பதான்யா எங்க இருக்கணும்னு தெரியும்?"

இது கேட்டு வாங்கியது அல்ல. உள்ளேயிருந்து, சூடாக, முழு வேகத்தில் வந்தது. சேத்தியாத்தோப்பு போயிற்று. கேஸ் சிலிண்டர் வந்தது, அவனுடைய அம்மா வளர்த்த லட்சணம் வந்தது. காரப்பொடிக்கு இத்தனை மாதம் சேர்த்துவைத்திருந்தது வட்டியோடு வந்தது. பஸ்ஸே திரும்பி உட்கார்ந்து கேட்டது.

ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிற ராஜவேல், சீட்டில் நன்றாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். பஸ்ஸின் இரைச்சல் கேட்டது, ஆனால் தூரத்தில். காடாம்புலியூர், முந்திரி வியாபாரி, நாளைய முகூர்த்தம் எதுவும் அவன் நினைவில் இல்லை. அந்தக் குரல் மட்டும் இருந்தது. அது மேலே ஏறுவதும் இறங்குவதும், மூச்சு வாங்க ஒரு நொடி நிற்பதும், நின்ற இடத்திலிருந்து மறுபடி பிடித்துக்கொள்வதுமாக இருந்தது. அவன் முகம் துடைத்துவிட்டது போல இருந்தது. மூடிய கண்ணோரம் நீர் கசிந்து, அதைத் துடைக்கவும் தோன்றாமல் அசையாது உட்கார்ந்திருந்தான்.

கண்டக்டர் டிக்கெட்டோடு வந்தார். இந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் குனிந்து பார்த்தார். அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. ஜெயராணியின் பக்கம் திரும்பி, ஏம்மா, பாவம், போதும் விடுங்கம்மா என்றார்.

ராஜவேல் சட்டென்று கண்ணைத் திறந்தான்.

"சார், நீங்க டிக்கெட்ட குடுத்துட்டுப் போங்க. ஆறு மாசம் கழிச்சி இன்னிக்கிதான் பேசறாங்க" என்றான்.

கண்டக்டர் இரண்டு காடாம்புலியூர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போனார். ஜெயராணி வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, எங்கே விட்டேன் என்று அவனிடமே கேட்டாள். அவன் எடுத்துக்கொடுத்தான். வடலூர் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது.